கிள்ளானில் தொடங்க வேண்டிய பயணம்

கோலாலம்பூருக்கு வரும் வெளியூர்க் கூட்டத்தை ஒரே நாளில் ஊர் சுற்றிக் காட்டும் பேருந்துகளுக்கு ஏறக்குறைய ஒரே கால அட்டவணைதான். காலை எட்டு மணிக்குத் தங்குவிடுதி வாசலில் புறப்பாடு. ஒன்பது மணிக்குப் பத்துமலை. சிலைக்கு முன்னால் குழுப் படம், 272 படிகள், இறங்கி வந்ததும் இளநீர். மலைக்காற்று வேண்டும் என்பவர்களை கெந்திங் வரை ஏற்றி இறக்குவதும் உண்டு. மதியம் பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாடு. மாலை நான்கு மணி வாக்கில் கிள்ளான். அங்கே தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடை, நகைக் கடை, முறுக்குப் பொட்டலம். ஏழு மணிக்குள் திரும்பிவிடலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுவானாலும் சரி, ஜொகூரிலிருந்தும் பேராக்கிலிருந்தும் பள்ளி மாணவர்களை ஏற்றி வரும் பேருந்தானாலும் சரி, இந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. போக்குவரத்து நெரிசலைக் கணக்கிட்டுப் போட்ட வரிசை இது. ஓட்டுநருக்கு வசதிதான். ஆனால் வரலாறு இதில் தலைகீழாக ஓடுகிறது. மக்கள் கடலிலிருந்து ஆற்று வழியாக மேலே ஏறி வந்தார்கள். பேருந்தோ மலையில் தொடங்கி, எல்லாரும் களைத்துப்போன நேரத்தில் கடலோரத்துக்கு வந்து சேர்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, முதல் அத்தியாயம் வரும்போது தூங்கிவிடுவது போன்ற வாசிப்பு.

அட்டவணையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம்.

கிள்ளான் ஆறு தித்திவங்சா மலைத் தொடரில் பிறந்து சுமார் 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கோலாலம்பூர் என்று ஓர் ஊர் உருவாகும் முன்பே கிள்ளான் இருந்தது. ஆற்றில் போகும் ஈயத்துக்கு வரி வாங்கும் இடம் அது. 1850களில் ராஜா அப்துல்லா கட்டிய பண்டகசாலை இன்றும் கிள்ளானில் நிற்கிறது. ஈயமும் உணவுப் பொருளும் அடுக்கி வைத்த கட்டடம். பிற்பாடு காவல் நிலையமாகவும் பயன்பட்டது.

இந்த ராஜா அப்துல்லாதான் 1857ஆம் ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி, ஈயம் தேடி ஆற்றின் மேல்பகுதிக்கு அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் சேற்று நிலத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்கள் 18 பேர். அதற்குப் பிறகு இன்னொரு குழு அனுப்பப்பட்டது. கோலாலம்பூரின் பிறப்புக் குறிப்பு இதுதான். பிறகு 1867 முதல் 1874 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போர், ராஜா மஹாடி, தெங்கு கூடின், ஆங்கிலேயரின் தலையீடு எல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் விரிவாகவே உள்ளன. இங்கே அவற்றை விட்டுவிடலாம்.

நமக்கு வேண்டியது இரயில் பாதை. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடா வரை தண்டவாளம் போடப்பட்டது. தைப்பிங்கில் அதற்கு முந்திய ஆண்டு திறக்கப்பட்ட பாதைக்கு அடுத்தபடி சிலாங்கூருக்குக் கிடைத்த இரயில் அது. 1890இல் ஆற்றின் மீது பாலம் கட்டிக் கிள்ளான் நகருக்குள் கொண்டு வந்தார்கள். 1901இல் இன்னும் கீழே, கடலோரச் சதுப்பு நிலத்தில் ஒரு துறைமுகம் திறந்து, அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வைத்தார்கள். 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது அதுவேதான்.

இந்தத் துறைமுகத்தின் கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை. சொன்னால் பேருந்தில் யாரும் தூங்க மாட்டார்கள். திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் மலேரியாவில் விழத் தொடங்கினார்கள். சரக்கு இறக்க ஆள் இல்லை. புத்தம் புதிய துறைமுகத்தை இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று இந்தியாவில் ரொனால்டு ராஸ் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதே 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்திருந்த இளம் மருத்துவர் மால்கம் வாட்சன் ஒரு யோசனை சொன்னார். ஊரைச் சுற்றியுள்ள சதுப்புக் காட்டை வெட்டுங்கள், வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடியுங்கள் என்றார். செய்தார்கள். அடுத்த ஆண்டிலேயே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. உலகத்தில் கொசு ஒழிப்பால் மலேரியாவை அடக்கிக் காட்டிய முதல் ஊர்களின் வரிசையில் கிள்ளான் இடம்பெற்றது இப்படித்தான். அந்த வாய்க்கால்களை மண்வெட்டி பிடித்துத் தோண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த மருத்துவ நூலிலும் வராது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கடலோரச் சமவெளியில் பலித்த வைத்தியம் மலையடிவாரத்தில் பலிக்கவில்லை. காட்டை வெட்ட வெட்ட அங்கே காய்ச்சல் கூடியது! வாட்சன் ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. சமவெளியில் நோய் பரப்பிய கொசு நிழலான சதுப்பு நீரில் வளர்வது. மலைப்பக்கத்தில் நோய் பரப்பியது வேறொரு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. ரப்பர் நடுவதற்காக மலைச்சரிவுக் காட்டை அழித்தபோது, ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததைப் போல் ஆயிற்று. அந்தச் சரிவுகளின் அடியில்தான் லயங்கள் இருந்தன. லயங்களில் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி அழைத்து வந்த குடும்பங்கள் இருந்தன. 1911ஆம் ஆண்டில் மலாய் கூட்டரசு மாநிலத் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. ‘அக்காலத்தில் காட்டுக் காய்ச்சல்’ என்று பாட்டிமார் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான்.

மலைகளைப் பார்த்து ‘என்ன அழகு’ என்று சொல்லும் பயணிக்கு இந்த ஓடைகளையும் யாராவது காட்ட வேண்டும்.

கிள்ளானை விட்டுக் கிளம்பும் முன் இன்னொரு செய்தி. உண்மையில் இதற்காக மட்டுமே ஒரு பேருந்தை அங்கே நிறுத்தலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்திய வேலை நிறுத்தம். ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பருக்குக் கிராக்கி ஏறியிருந்த நேரம். தோட்ட நிர்வாகங்களுக்கு நல்ல வருமானம். தொழிலாளியின் நாள் கூலியோ சென் கணக்கில். அதுவும் சீனத் தொழிலாளி வாங்கியதைவிடக் குறைவு. அப்போது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் ஆர்.எச். நாதன். பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தவர். தமிழ் நேசனில் பணியாற்றியவர்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் கூலி உயர்வு அதில் ஒரு பகுதிதான் என்பது புரியும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். தொழிலாளர் பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இதைக் கேட்டது தொழிலாளர்களேதான், நன்னெறிக் கழகத்தார் அல்லர்.

அந்தப் பட்டியலில் ஒரு கோரிக்கை சைக்கிளைப் பற்றியது. துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். இறங்காமல் சைக்கிளிலேயே போக உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு காசும் செலவில்லாத கோரிக்கை இது. நிர்வாகத்துக்கு இதுவும் கசந்தது. கிராணிமார் பலர் தமிழரும் மலையாளிகளும்தான் என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது.

1941 மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலை நிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே மாத நடுவில் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. வந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். பலர் சிறைப்பட்டனர், பலர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். ஏழு மாதம் கழித்து, டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் வந்து இறங்கினர். அதன்பின் இந்த வேலை நிறுத்தத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று.

1941இன் அந்த மே மாதத்தைப் பற்றிக் கேட்டால், தெங்கு கிளானா சாலையில் நகை வாங்க நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? வந்த பயணிகளை விடுங்கள். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் திரும்பக் கூட்டரசு நெடுஞ்சாலை. இந்த இடத்தில்தான் பேருந்தில் திரைப்படம் போடுவார்கள். சன்னலுக்கு வெளியே ஓடுவது முழுக்க முழுக்கப் பழைய தோட்டங்கள். ஷா ஆலாம் நகரம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மீது. 1978இல் அது மாநிலத் தலைநகரானது. 1976 முதல் வளர்ந்த சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்து நிலம். பெட்டாலிங் ஜெயா, 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் கோடு கிழித்து உருவாக்கிய நகரம். தோட்டம் போனபோது லயமும், தமிழ்ப்பள்ளியும், மாரியம்மன் கோயிலும் என்ன ஆயின என்ற கேள்வி இந்த நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நீண்டு கிடக்கிறது. வேகம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். அதற்குள் கேட்டு முடிக்க முடியாது.

அடுத்தது பிரிக்பீல்ட்ஸ். பெயரே செங்கல் சூளையைச் சொல்கிறது. 1881இல் ஜனவரியில் தீயும் டிசம்பரில் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதுவரை மரமும் அத்தாப்புக் கீற்றுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார் மறுஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம். சீனக் கபித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளை போட்டார். களிமண் நல்ல களிமண். சூளைக்குப் பக்கத்தில் இரயில் வந்தது. இரயிலோடு அதன் ஊழியர் குடியிருப்புகள் வந்தன.

இந்தக் குடியிருப்பில் இரண்டு வகைத் தமிழர் இருந்தார்கள். தண்டவாளம் போட்டு, மண் வெட்டி, கரி தள்ளியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். சீட்டுக் கொடுத்து, கணக்கு எழுதி, நிலைய அதிகாரியாகக் கொடி காட்டியவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள். ஒரே தெருவின் இரு முனைகளில் இருந்தும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்காராத காலம் இருந்தது. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1894இல் புத்த விகாரைக்கு அடித்தளமிட்டவர்கள் சிங்களவர்கள். விவேகானந்தர் ஆசிரமமும் 1900களின் முதல் பத்தாண்டில் யாழ்ப்பாணத் தமிழர் முயற்சியில் பிறந்ததே. தமிழ்க் கிறிஸ்தவர்களின் தேவாலயங்கள் வேறு. இவ்வளவு வழிபாட்டுத் தலங்கள் ஒரே வட்டாரத்தில் அமைந்தது எப்படி என்று வியக்கிறார்கள். இரயில்வே யாரையெல்லாம் வேலைக்கு அழைத்ததோ, அவர்கள் எல்லாரும் தத்தம் சாமியோடு வந்தார்கள். வேறு இரகசியம் எதுவும் இல்லை.

இந்தத் தண்டவாளம் ஒரு காலத்தில் வேறு திசையிலும் ஆள் ஏற்றிச் சென்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. அதைப் பார்க்க நம்மவர்களும் சுற்றுலா போகிறார்கள். அங்கே நின்று தாத்தாவின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இன்றைய பிரிக்பீல்ட்சில் கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கும் இடம், முன்பு இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் முற்றம். 2001இல் புதிய நிலையம் திறந்தது. 2010 அக்டோபரில் மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்துவைத்தார்கள். தோரண வாயிலும், யானைச் சிலைகள் தாங்கிய நீரூற்றும், வண்ண விளக்குகளும் வந்தன. சில ஆண்டுகள் கழித்து, நூறு வீடு என்று எல்லாரும் அழைத்த நூற்றாண்டு பழைமையான இரயில்வே குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. அலங்கார வாயில் புதிதாக எழுந்தது. அந்த வாயிலுக்கு அர்த்தம் கொடுத்த வீடுகள் போய்விட்டன. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரிசையில் பத்து வீட்டையாவது அப்படியே நிறுத்தி, உள்ளே ஒரு விளக்கும் இரயில்வே சீருடையும் வைத்திருந்தால், இன்று பேருந்து நிற்க ஓர் இடம் இருந்திருக்கும்.

விவேகானந்தர் ஆசிரமத்துக்கும் அதே கதி வர இருந்தது. 2014இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியானபோது, மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். கட்டடம் நிற்கிறது. ஊர் கூடிக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு நூறு வீட்டுக்குப் பக்கத்திலேயே சாட்சி.

இனிப் பத்துமலை. காலையில் முதலில் பார்ப்பதை இப்போது கடைசியில் பார்க்கிறோம். சுண்ணாம்புக் குன்று அது. அக்குகைகளை ஓராங் அஸ்லி மக்கள் எப்போதும் அறிந்திருந்தார்கள். உரத்துக்காக வௌவால் எச்சம் அள்ளச் சீனர்கள் போனார்கள். 1878இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் எழுதிய பிறகு, வெள்ளைக்காரர்களுக்கும் தெரிந்தது. 1891இல் அங்கே முருகனுக்கு வேல் நட்டவர் கா. தம்புசாமிப் பிள்ளை, மறுஆண்டு தைப்பூசம் தொடங்கியது. சிங்கப்பூரில் பிறந்து, அரசாங்க எழுத்தராகச் சிலாங்கூர் வந்து, ஈயச் சுரங்க முதலாளியாக உயர்ந்தவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை 1873இல் தொடங்கியவரும் அவரே. லோக் இயூவோடு சேர்ந்து ரவாங் சுரங்கத்தில் 1894இல் மின்சாரத்தைக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். பக்திமான் என்று மட்டும் அவரைச் சுருக்கிச் சொல்லும் வழக்கத்தை மாற்ற வேண்டும்.

1920இல் மரப்படி, 1940இல் கான்கிரீட் படி. 2006 ஜனவரியில் 42.7 மீட்டர் உயரச் சிலை. 2018இல் படிகளுக்கு வண்ணம். வழிகாட்டிகள் இவற்றை மனப்பாடமாகச் சொல்வார்கள், தங்க வண்ணம் எத்தனை லிட்டர் என்பது உட்பட. கிள்ளான் வாய்க்காலையும் சைக்கிள் கோரிக்கையையும் சயாம் சரக்குப் பெட்டியையும் பார்த்துவிட்டு வருபவருக்கு, அந்தப் படியில் காவடியோடு ஏறும் கூட்டம் வேறு விதமாகத் தெரியும். வருடம் முழுவதும் துரைக்கும் கிராணிக்கும் வழிவிட்டு நின்றவர்கள், அந்த ஒரு நாள் நாட்டின் தலைநகர் வீதியில் நடுவே நடந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்கு வழிவிட்டார்கள். தைப்பூசம் இந்நாட்டில் தமிழ்நாட்டைவிடப் பெரிதாக வளர்ந்ததற்குக் காரணங்களில் இதுவும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அதே குன்றைப் பாறைக்காக வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் பலருக்கு மறந்துபோயிற்று. 1980இல்தான் அது நின்றது. இல்லாவிட்டால் சிலைக்குப் பின்னால் இன்று நாம் பார்க்கும் மலை இவ்வளவு இருந்திருக்காது.

இப்படித் திருப்பிப் போட்ட பயணத்துக்குப் பேருந்துகூடத் தேவையில்லை. கிள்ளான் நிலையத்தில் காலை கொமியூட்டர் இரயில் ஏறினால், சற்று நேரத்தில் அது ஆற்றைக் கடக்கும். பிறகு ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங் என்று பழைய தோட்டங்களின் நடுவே ஓடி கே.எல். சென்ட்ரல் வந்துசேரும். இறங்கி, பிரிக்பீல்ட்சில் இரண்டு மணி நேரம் நடந்து, சாப்பிட்டுவிட்டு, மறுபடி நிலையத்துக்கு வந்து பத்துமலை செல்லும் இரயிலில் ஏறலாம். 2010இல் கொமியூட்டர் சேவைக்குத் திறந்த அந்தக் கிளைப் பாதை குன்றின் அடிவாரத்திலேயே கொண்டுபோய் விடுகிறது. கிள்ளான் பக்கமிருக்கும் தமிழ்ப்பள்ளிகள் வரும் பள்ளி விடுமுறையில் இதைச் செய்து பார்க்கலாம். ஆசிரியர் ஒருவரும், பழைய இரயில்வே ஊழியர் ஒருவரும் உடன் வந்தால் போதும்.